முகமில்லாத பதினேழு பேர்

மேஜர் லென்ஸைக் கண்ணிலிருந்து எடுத்துவிட்டு நிமிர்ந்தார்.

"பொத்தான்கூடக் கணக்கா இருக்கு. ஆனா மூஞ்சி எங்கய்யா? முட்டைக்குச் சட்டை மாட்டுன மாதிரி நிக்கிறானுங்க!"

மேசைமேல் பதினேழு ஈயச் சிப்பாய்கள். ஒவ்வொருவனும் விரல் உயரம். எங்கள் கஸிம் ஆற்றங்கரையிலிருந்து ஹிட்லரோடு சண்டைக்குப் போன பதினேழு பேர். அவர்களில் உயிரோடு திரும்பிய ஒரே ஆளான யெஃபிம் ஐந்து குளிர்காலம் உட்கார்ந்து வார்த்து, வர்ணம் தீட்டியிருந்தார்.

சைபீரியப் பழங்குடிகளான ஹந்திகள் நாங்கள்; பொம்மைக்கு முகம் வைப்பதில்லை. கண்ணும் வாயும் கிடைத்தால் அந்த ஆளின் உயிர் வந்து அதில் ஒட்டிக்கொள்ளும். அப்புறம் அதற்கு நிம்மதி கிடையாது.

மேஜர், வெற்றி நாளின் நாற்பதாம் ஆண்டுக் கண்காட்சிக்கு நகரத்திலிருந்து வந்த நடுவர். மார்பில் எட்டுப் பதக்கங்கள். அதில் ஆறு, ஆண்டுவிழாக்களுக்குக் கொடுத்தவை.

"சோவியத் வீரனுக்கு முகம் உண்டு!" என்று அறிவித்தார். மதியத்துக்குள் முகம் வராவிட்டால் எல்லாமே பெட்டிக்குள் போய்விடும்.

போர்முனையில் பதினேழு பேரையும் 'வான்யா' என்ற ஒரே ரஷ்யப் பெயரால்தான் கூப்பிட்டார்கள். அப்போது எவருக்கும் முகம் தேவைப்படவில்லை.

சுவரோரம் பெண்கள் நின்றார்கள். இளகிய பனியில் கலைமான் வண்டிகளில் வந்தவர்கள். போய் நிற்க அவர்களுக்கு ஒரு கல்லறை கிடையாது. இந்த மேசைதான்.

உஸ்தீன்யா எங்கள் மொழியில் சொன்னாள்: "கத்தி தொங்குற லட்சணத்துலயே எம் புருஷன் எவன்னு எனக்குத் தெரியுது. இந்தாளு மூஞ்சிதான் நாளைக்கே மறந்துபோயிரும்."

"அந்தம்மா என்ன சொல்றாங்க?"

"வாழ்த்துறாங்க, தோழர் மேஜர்" என்று மொழிபெயர்த்தேன்.

யெஃபிம் சிரிக்கவில்லை. பெட்டியைப் பார்த்தார். பெண்களைப் பார்த்தார். பிறகு இருப்பதிலேயே மெல்லிய தூரிகையை எடுத்தார்.



"ஒரே ஒருத்தனுக்கு வச்சா விட்டுருவீங்களா?"

மேஜர் பெருந்தன்மையோடு யோசித்தார். "சரி, முன்னாடி நிக்கிறவனுக்கு இருந்தாப் போதும். போட்டோ எடுக்கணும்ல."

யெஃபிம் முன்னால் நின்றவனைத் தொடவில்லை. கடைசி வரிசை ஓரத்தில் நின்றவனை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டார்.

"உஸ்தீன்யா, முகம் பாக்குற கண்ணாடி வச்சிருக்கியாம்மா?"

கொடுத்தாள். அதைத் தன் முகத்துக்கு நேரே சாய்த்து வைத்துக்கொண்டு, கன்னத்துத் தழும்பிலிருந்து வரையத் தொடங்கினார்.