தெரிஞ்ச ஒருத்தங்களுக்கு

தையல்காரி இடுப்பில் கைக்குழந்தையோடு வெகுநேரமாக இருமல் மருந்து விளம்பரத்தையே படித்துக்கொண்டிருந்தாள். இருமலே இல்லாத ஒருத்தி அதை இவ்வளவு அக்கறையாகப் படிக்கிறாள் என்றால், கடையில் நிற்கும் ஆண்கள் கிளம்பட்டும் என்று காத்திருக்கிறாள் என்று அர்த்தம். மருந்துக் கடைக்காரருக்கு இதெல்லாம் பழகிப்போன விஷயம்.

கடைசி ஆள் மாத்திரையை வாங்கிக்கொண்டு படியிறங்கினான். அவள் வாயைத் திறப்பதற்குள் அவர் ஒரு களிம்பை எடுத்துக் கறுப்புப் பைக்குள் போட்டுவிட்டார்.

"தெரிஞ்ச ஒருத்தங்களுக்குத்தானே?" என்றார். அவள் தலையாட்டினாள்.

அந்தத் தெருவில் எந்தப் பெண்ணும் தனக்கு வெள்ளைப்படுகிறது என்று சொல்லி மருந்து கேட்டதே கிடையாது. எல்லோருக்கும் 'தெரிஞ்சவங்க' ஒருத்தர் இருந்தார். கடைக்காரரும் துருவித் துருவிக் கேட்க மாட்டார். அரிக்கிறதா, நாறுகிறதா, எவ்வளவு நாளாக என்றெல்லாம் கேட்டால் பாவம், கூச்சப்படுவார்கள் என்று எல்லோருக்கும் அதே களிம்பைக் கொடுத்து அனுப்பிவிடுவார். அதைத் தன் பெருந்தன்மை என்றே நினைத்துக்கொண்டிருந்தார்.

அந்தப் பெருந்தன்மை கடை வாசலோடு சரி. சாப்பிட உட்கார்ந்ததும், "இன்னைக்கு ரெண்டு தெரிஞ்சவங்க வந்தாங்க" என்று மனைவியிடம் ஆரம்பிப்பார். ஒவ்வொருத்தியும் நெளிந்ததையும் குழைந்ததையும் அப்படியே நடித்துக் காட்டுவார். முன்பெல்லாம் விழுந்து விழுந்து சிரித்தவள், இப்போது பாதியிலேயே எழுந்து பாத்திரம் கழுவப் போய்விடுகிறாள். சொன்னதையே சொன்னால் யாருக்குத்தான் சலிக்காது என்று அவரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

தையல்காரி பையைத் தொடவில்லை.

"இது வேணாம் அண்ணே. போட்டுப் போட்டுப் பார்த்தாச்சு, கேக்கல. வேற ஏதாவது குடுங்க."

வேறு வழியில்லாமல் அவர் அன்றுதான் முதல்முறையாக என்ன செய்கிறது என்று கேட்டார். அவள் குழந்தையைத் தட்டிக்கொடுத்தபடி தணிந்த குரலில் சொன்னாள். அரிப்பெல்லாம் கிடையாதாம். முதலில் தண்ணீராகத்தான் பட்டிருக்கிறது. அப்புறம் நாற்றம். துணியை மாற்றி மாற்றிக் கட்டியும் பக்கத்தில் யாராவது வந்தால் ஒதுங்கிப் போகிற அளவுக்கு நாற்றம். இப்போது சில நாளாக ரத்தமும் கலந்து வருகிறதாம்.

"மாசாமாசம் வர்ற ரத்தமா இருக்கப் போகுது" என்றார்.

"அது நின்னு நாலஞ்சு வருஷம் ஆச்சு அண்ணே."

அவர் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். கைக்குழந்தைக்காரி; முப்பதைத் தாண்டியிருக்க மாட்டாள். அப்படியானால் இவள் நிஜமாகவே வேறு யாருக்காகவோதான் இத்தனை நாளும் வந்து போயிருக்கிறாள். பையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

அவர் படித்தவர், தொழில் தெரிந்தவர். நிறமில்லாமலோ வெள்ளையாகவோ, நாற்றமில்லாமல் கொஞ்சம் படுவது உடம்பின் இயல்பு, அதற்கு மருந்தே வேண்டாம் என்றார். திரிந்த பால் மாதிரி வந்து அரித்தாலோ, மஞ்சளாக, பச்சையாக வந்து நாறினாலோ டாக்டரிடம் காட்டினால் பெரும்பாலும் மருந்திலேயே சரியாகிவிடும். ஆனால் மாதவிலக்கு நின்றுபோன பெண்ணுக்கு மறுபடி ரத்தம் பட்டால் அதைக் களிம்பு போட்டு மூடி வைக்கக் கூடாது. சின்னக் காரணமாகவும் இருக்கலாம், கர்ப்பப்பையில் புற்றாகவும் இருக்கலாம். பரிசோதித்துப் பார்க்காமல் யாராலும் சொல்ல முடியாது என்றார். புற்று என்று சொல்லும்போது அவர் குரல் தாழ்ந்தது.

"ஆளு எப்படி இருக்காங்க?"

"பாதியாயிட்டாங்க. அவங்க துணியெல்லாம் ரெண்டு பக்கமும் பிடிச்சுத் தைச்சுக் குடுத்தேன். இப்ப மறுபடி பிடிக்கணும்."

"இவ்வளவு நாளா என்னதான் பண்ணிட்டு இருந்தாங்க?"

"நீங்க குடுத்ததைத்தான் போட்டுக்கிட்டு இருந்தாங்க."

அவருக்கு முகம் சுருங்கியது. ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை முதல் தடவையே கேட்டிருக்கலாம். அந்தக் குற்ற உணர்ச்சி தாங்காமல் யார் மேலாவது பாய வேண்டும் போலிருந்தது.

"வீட்டுக்காரர் இருக்காரா, இல்லையா?"

"இருக்காரு."

"ஒரே வீட்டுல இருந்துக்கிட்டு, பொண்டாட்டி கண்ணு முன்னாடி கரைஞ்சு போறது தெரியலேன்னா அவன் என்ன மனுஷன்?"

வீட்டுக்காரரிடம் அவங்களால் வாயைத் திறக்கவே முடியவில்லையாம் என்று மட்டும் சொல்லி, குழந்தையைத் தோள் மாற்றிப் போட்டுக்கொண்டாள்.

"நான் பேசறேன் அந்த ஆளுகிட்ட. நாலு வார்த்தை நறுக்குன்னு கேட்டாத்தான் புத்தி வரும். நாளைக்குக் காலையில அவங்க ஆஸ்பத்திரியில இருக்கணும். யாரு, எந்த வீடு, சொல்லு."

தையல்காரி படிவரை போய்விட்டாள். அங்கே நின்று திரும்பிப் பார்த்தாள். கண் கலங்கியிருந்தது.

"நான் சொன்னேன்னு அண்ணிகிட்டச் சொல்லிடாதீங்க, அண்ணே."