பூட்டு சார் போடாத கையெழுத்து

"எல்லாரும் போட்டாச்சு. நீங்க மட்டும்தான் பாக்கி, சார்."

செயலாளரம்மா தாளை மேஜைமேல் வைத்துவிட்டு நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். அவரும் ஒரு பள்ளியின் தலைமையாசிரியைதான். தலைமையாசிரியர் சங்கத்துக்குச் செயலாளரான நாளிலிருந்து செருப்பு தேய்ந்ததுதான் மிச்சம். சட்டசபை உறுப்பினர்கள் வீட்டு வாசல், அமைச்சர் அலுவலக வராந்தா, மறுபடி உறுப்பினர்கள் வீட்டு வாசல் என்று நாயாய் அலைந்து, மாணவர் ஆதரவுச் சட்டம் ஒருவழியாக நாளைக்குச் சபைக்கு வருகிறது.

பள்ளி விட்டபிறகு பிள்ளைகளைத் தண்டனையாக உட்கார வைக்கக் கூடாது. அதற்குப் பதிலாக, கஷ்டப்படும் பிள்ளைகளுக்குப் பள்ளியிலேயே ஆலோசகர், மாலை வகுப்பு. அவ்வளவுதான் சட்டம்.

"ஒருத்தர் விடாம தலைமையாசிரியர்கள் கையெழுத்தோட வாங்க. நிறைவேத்திடலாம்" என்று அமைச்சர் சொல்லிவிட்டார். எல்லாரும் போட்டார்கள், எதிரே உட்கார்ந்திருக்கும் இந்த மகானுபாவரைத் தவிர.

பிள்ளைகள் இவருக்கு வைத்த பெயர் பூட்டு. பள்ளி விட்டபிறகும் நாலைந்து பேரைத் தண்டனை அறையில் உட்கார வைத்து, இருட்டும்வரை விடமாட்டாராம். அப்படிப்பட்டவர் இந்தச் சட்டத்துக்கு எங்கே கையெழுத்துப் போடப் போகிறார்?

"நான்தான் போன்லயே சொல்லிட்டேனே, மேடம்."

"நேர்ல ஒரு தடவை சொல்லுங்க."

"உதவி கொடுக்கணும்னா பெத்தவங்க கையெழுத்து வாங்கணும்னு ஒரு வரி இருக்கு பாருங்க, அதை எடுத்துடுங்க. இப்பவே போடறேன்."

அந்த வரியை எழுதியதே செயலாளரம்மாதான்.

"அது இல்லேன்னா பாதி உறுப்பினர்கள் எழுந்து போயிடுவாங்க சார். பெத்தவங்களைக் கேட்கிறது தப்பா?"

"தப்புன்னு சொல்லல."

"பின்னே? காரணத்தையாவது சொல்லுங்க."

"உங்ககிட்ட சொன்னா சங்கத்துக்குத் தெரியும். சங்கத்துக்குத் தெரிஞ்சா சாயங்காலத்துக்குள்ள ஊருக்கே தெரியும்."

சொல்லிவிட்டு அவர் கண்ணைத் தேய்த்துக்கொண்டார். அவரும் நல்ல தூக்கம் தூங்கிப் பல நாளானவர் மாதிரிதான் இருந்தார். ஆனால் செயலாளரம்மாவுக்கு இரக்கம் வரவில்லை. எரிச்சல்தான் வந்தது.

கதவை யாரோ தட்டினார்கள். சலவைக் கடைக்காரர். வேலையைப் பாதியில் போட்டுவிட்டு வந்தவர் போல மூச்சு வாங்கினார்.

"பொண்ணு இன்னிக்கும் லேட்டா வந்துச்சா, சார்?"

"வந்தா." பூட்டு சாரின் குரல் சட்டென்று ஏறியது. "வீட்டுப்பாடமும் பண்ணல. உட்கார வெச்சிருக்கேன்."

"கடையில மடிச்சு அடுக்க ஆளில்ல சார். பள்ளிக்கூடம் விட்டா அவதான் ராத்திரி வரைக்கும்..."

"அதுக்கு நான் என்ன பண்ண? இந்த வாரம் முழுக்க விடமாட்டேன்."

கடைக்காரர் தலையைச் சொறிந்தார். எதிர்த்துச் சண்டை போடுவார் என்று செயலாளரம்மா ஆசையோடு காத்திருந்தார்.

"விடாதீங்க சார். நல்லாக் கண்டிங்க. அப்பத்தான் புத்தி வரும்."

கும்பிட்டுவிட்டுப் போய்விட்டார்.

செயலாளரம்மாவுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. தாளைப் பிடுங்காத குறையாக எடுத்துக்கொண்டார்.

"உங்களை மாதிரி ஆளுங்களுக்காகத்தான் சார் இந்தச் சட்டமே."

"இருக்கலாம், மேடம்."

பேச்சில் ஒரு சூடு சொரணை வேண்டாமா? என்ன மனிதரோ என்று முணுமுணுத்தபடி வெளியே வந்தார். கால் வலி உயிர் போனது. வராந்தாவின் கடைசியில் தண்டனை அறை. பார்த்துவிட்டுத்தான் போவோமே என்று தோன்றியது.

பூட்டியிருக்கும் என்று நினைத்துக் கதவைத் தள்ளினார். அது லேசாகச் சாத்தித்தான் இருந்தது.

உள்ளே நாலு பேர். ஒரு பையன் மின்விசிறிக்குக் கீழே பெஞ்சில் சுருண்டு தூங்கிக்கொண்டிருந்தான். ஒரு பெண் கணக்குப் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு மும்முரமாக எழுதிக்கொண்டிருந்தாள். விரல்களில் இஸ்திரிப் பெட்டி சுட்ட தழும்புகள். சலவைக் கடைக்காரர் மகள் என்று கேட்காமலே தெரிந்தது.

செயலாளரம்மா அவள் பக்கத்தில் உட்கார்ந்து தலையைத் தடவினார்.

"பயப்படாதேம்மா. இன்னும் கொஞ்ச நாள்தான். புதுசா ஒரு சட்டம் வருது. அப்புறம் உன்னை யாரும் இப்படி உட்கார வைக்க முடியாது."

எழுதிய கை நின்றது.

"நிஜமாவா மேடம்?"

"நிஜமாத்தான். தண்டனையே கிடையாது. சாயங்காலம் பாடம் சொல்லித் தரவே தனியா ஆள் வருவாங்க. உங்கப்பாகிட்ட ஒரே ஒரு கையெழுத்து வாங்கிட்டு வந்தாப் போதும்."

சந்தோஷப்படுவாள் என்று பார்த்தால், அந்தப் பெண்ணின் கண் நிறைந்துவிட்டது.

"வேண்டாம் மேடம். பரீட்சை முடியற வரைக்குமாவது அந்தச் சட்டத்தை நிறுத்தி வைக்கச் சொல்லுங்க மேடம்."

"என்னம்மா சொல்றே? தினம் லேட்டா வந்து இப்படித் தண்டனை வாங்கறது நல்லாவா இருக்கு?"

"என்னை லேட்டா வரச் சொன்னதே சார்தான் மேடம்."

செயலாளரம்மா கையிலிருந்த தாளைப் பார்த்தார். அந்தப் பெண் புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னாள்:

"உதவின்னு சொன்னா எங்கப்பா கையெழுத்துப் போடவே மாட்டாரு மேடம். தண்டனைக்குத்தான் யாரு கையெழுத்தும் வேண்டாம்."