பரம்பரைச் சீக்கு

ஏரல் கடைத்தெருவில் பாத்திரக்கடை வைத்திருந்த இர்ஷாத், ஐம்பது வயதாகியும் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கடையை அடைத்துவிட்டு வந்தால் பேச்சுத்துணைக்கு உம்மா மட்டும்தான். அவளும் படுக்கையில் விழுந்தபின் ஒருநாள் கேட்டாள்.

"ஒன் மேல உசிரா இருந்த மாமா மவ ஃபர்ஹத்த ஏம்ல வேண்டாம்ன? இப்பமாவது சொல்லு."

இவ்வளவு காலம் மனதில் பூட்டிவைத்ததை அவன் சொன்னான்.

"வாப்பா கைகால் நடுங்கி, புத்தி பேதலிச்சு மவுத்தானாவல்லா, அது பரம்பரையா வர்ற சீக்குன்னு டாக்டர் எங்கிட்ட தனியாச் சொன்னாரும்மா. எனக்கும் வரலாம், பொறக்குற பிள்ளைகளுக்கும் வரலாம். அவ கஷ்டப்படக் கூடாதுன்னுதான் வேண்டாம்னேன்."

உம்மா அவன் கையை இறுகப் பிடித்துக்கொண்டு விம்மினாள்.

"ஒனக்கு எப்படிலே வரும்? நீ நாங்க எடுத்து வளத்த பிள்ள."

"அப்பமே ஏம்மா சொல்லல?"

"ஒனக்குன்னு யாருமில்லன்னு நீ ஏங்கிரக் கூடாதேன்னுதாம்லே."