பவுண்டேஷன் பொண்ணு

“ஏனுங்ணா, இருபத்தேழு வயசாச்சு, இன்னுமா உங்க புள்ளை பவுண்டேஷன்ல இருக்குது?”

சோபாவில் உட்கார்ந்ததும் சரஸ்வதியம்மாள் கேட்ட முதல் கேள்வி இது. மகனுக்குப் பெண் பார்க்கப் பொள்ளாச்சியிலிருந்து கொழிஞ்சாம்பாறைக்கு வந்தவர், பெண்ணை இன்னும் கண்ணால்கூடப் பார்க்கவில்லை. பக்கத்தில் அவர் கணவர் பொங்கியண்ணன் தலையை மட்டும் ஆட்டிக்கொண்டிருந்தார். அவர் வீட்டில் பேசும் வேலை அவருக்கு இல்லை போலும்.

பெண்ணின் அப்பா மோகனசுந்தரம் தொண்டையைச் செருமிக்கொண்டார். “ஆமாங்க. இங்கிலாந்துல அந்த யுனிவர்சிட்டிலயேதானுங்க, நாலு வருசமா...”

“நாலு வருசமாவா! அந்தக் கோர்ஸே ஒரு வருசந்தானுங்களே! வெளிநாட்டுப் புள்ளைக நேரா காலேஜுல சேர லாயக்கில்லீன்னா, ஒரு வருசம் உக்கார வெச்சு இங்கிலீசு சொல்லிக் குடுத்து அனுப்புவாங்க. எனக்குத் தெரியாததுங்களா? எங்க நங்கையா மகன், அதான் இவரு அக்கா பையன், அதுல ரெண்டு வாட்டி பெயிலாயிட்டு, இப்ப நெகமத்துல உரக்கடை வெச்சிருக்கறான்.”

“அது அப்படியில்லீங்க, எம்புள்ளை அங்க...”

“இருங்ணா, நான் சொல்லி முடிச்சுக்கறேன்.” ஆனால் முடிப்பதாகத் தெரியவில்லை. “எங்க அருளு நேரா எம்.எஸ். சீட்டு வாங்கிப் போனவன். வாத்தியாருங்களே அவங்கிட்டத்தான் சந்தேகம் கேப்பாங்களாமா. பவுண்டேஷன் பொண்ணுன்னதுமே வேண்டவே வேண்டாம்னு ஒத்தைக் கால்ல நின்னான். நாந்தான் ஜாதகம் நல்லாப் பொருந்துதேன்னு கெளம்பி வந்தேன்.”

தரகர் சின்னையன் முறுக்கை வாயில் வைத்தபடி கடிக்காமல் விழித்தார். பையனும் பெண்ணும் ஒரே யுனிவர்சிட்டி என்று கேள்விப்பட்டு, ஆஹா, இது அம்சமான ஜோடி என்று இந்தச் சம்பந்தத்தைக் கொண்டுவந்ததே அவர்தான்.

“சரி, போனது போகட்டும்,” என்று சரஸ்வதியம்மாள் இறங்கி வந்தார். “கல்யாணத்துக்குப் பொறகு இந்தப் பவுண்டேஷனெல்லாம் வேண்டாமுங்க. புருசன் எம்.எஸ்., பொண்டாட்டி பவுண்டேஷன்னா நாலு பேரு சிரிப்பாங்க. அதை உட்டுப்போட்டு ஊட்டைப் பாத்துட்டு இருக்கட்டும். சரின்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, இப்பவே வெத்தலை பாக்கு மாத்திக்கலாம்.”

மோகனசுந்தரம் உள்ளறைக் கதவைத் திரும்பிப் பார்த்தார். சும்மா சொல்லக்கூடாது, நல்ல இடம்தான். வெளிநாட்டில் இருக்கிற பெண் என்றே எத்தனையோ வரன்கள் தட்டிப்போயின. இதுவும் போனால் கதவுக்குப் பின்னால் நிற்கும் அவர் மனைவி ஒரு வாரம் சாப்பிடமாட்டாள். ஆனால் வெற்றிலை பாக்கு மாற்றிவிட்டால் சொன்ன சொல் சொன்னதுதான், அப்புறம் பின்வாங்க முடியாது. சொந்தபந்தமெல்லாம் பொம்பளைப் புள்ளைக்கு இங்கிலாந்து எதற்கு என்று குதித்தபோது, கொச்சி ஏர்போர்ட் வரை கூடப் போய் அவளை அனுப்பி வைத்தவர் அவர் ஒருவர்தான்.

“மன்னிச்சுக்குங்க,” என்றார். “எம்புள்ளை அதை உட மாட்டாளுங்க. உடச் சொல்லி நானும் சொல்ல மாட்டேன்.”

கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு பெருமூச்சு கேட்டது.

“அட, என்னங்ணா இது! பவுண்டேஷனுக்கே இந்த மப்புங்களா?” சரஸ்வதியம்மாள் கைப்பையை எடுத்துக்கொண்டார். “எங்க பையனுக்குப் பொண்ணு குடுக்க வரிசையில நிக்கறாங்க. ஏனுங்க, எந்திரிங்க, போலாம்.”

பொங்கியண்ணன் காப்பியைக் குடித்து முடிக்காமலே எழுந்தார். அப்போதுதான் மகள் தமிழ்ப்ரியா கூடத்துக்கு வந்தாள். விடுமுறைக்கு வந்திருந்தவளை அம்மா வற்புறுத்திப் பட்டுச்சேலை கட்ட வைத்திருந்தாள்.

“அத்தை, ஒரு நிமிசமுங்க. உங்க பையன் முழுப்பேரு அருள்குமார் பொங்கியண்ணனுங்களா?”

சரஸ்வதியம்மாள் முகம் மலர்ந்துபோனது. “பாத்தீங்களா! அங்க எங்க பையனைத் தெரியாதவங்களே இல்லை.”

“எனக்கு நல்லாத் தெரியுமுங்க. போறதுக்கு முன்னாடி அவருகிட்ட ஒரு வார்த்தை பேசிக்கட்டுங்களா?”

“அதுக்கென்ன, பேசு அம்மிணி. கண்ணுப் பட்டுருமுன்னு அவன் போட்டோகூட யாருக்கும் குடுக்கறதில்லை நான். நேர்லயே பாத்துக்க. அங்க இப்பக் காலைல நேரந்தான்.” வேண்டாம் என்று எழுந்தவர், பெருமையை விட மனசில்லாமல் மறுபடியும் உட்கார்ந்து வீடியோ கால் போட்டார்.

திரையில் அருள்குமார் கட்டிலில் சாய்ந்து, கால்மேல் கால் போட்டுக்கொண்டிருந்தான். “என்னம்மா, இன்னும் அங்கயா இருக்கறீங்க? பவுண்டேஷன் கேஸெல்லாம் நமக்குச் சரிப்படாதுன்னு அப்பவே சொன்னேனல்ல?”

“அட, ஒருக்காப் பாத்துட்டுத்தான் சொல்லு கண்ணு,” என்று சரஸ்வதியம்மாள் போனைத் தமிழ்ப்ரியா பக்கம் திருப்பினார்.

போர்வையை உதறிவிட்டு அருள்குமார் எழுந்து நின்றான். கைகள் இரண்டும் தாமாகவே கட்டிக்கொண்டன.

“கு... குட் மார்னிங், மேடம்! அசைன்மெண்ட்டை நாளைக்கே அனுப்பிப்போடறேனுங்க, இந்த வாட்டியும் பவுண்டேஷன்ல என்னைப் பெயிலாக்கிப்போடாதீங்க மேடம்!”

மோகனசுந்தரம் நிதானமாகச் சரஸ்வதியம்மாள் பக்கம் திரும்பினார். “நீங்க ஒண்ணும் அவசரப்படாதீங்கம்மா, மொதல்ல எம்புள்ளை பேப்பர் திருத்தி மார்க் போடட்டும், அப்பறம் பேசிக்கலாமுங்க.”