வாஷரின் காது

தோட்டத்தில் கணக்கெழுதும் இளம் கிராணி தங்கராஜுவின் மோட்டார் சைக்கிள் இந்த ஞாயிற்றுக்கிழமையும் கடகடவென்று வந்து வீரமுத்துவின் பட்டறை வாசலில் நின்றது.

குளுவாங் கடைத்தெருவில் அந்தச் சத்தம் பழகாத ஆள் கிடையாது. எதிரே ஆப்பம் சுடும் அங்கம்மா கரண்டியை வைத்துவிட்டு, பார்ப்பதற்கு வசதியாகத் திரும்பி உட்கார்ந்தாள்.

"என்னய்யா வீரமுத்து, பூட்டுன நட்டு ஒரு வாரங்கூட தாங்கல. இன்னொருக்கா கழண்டுச்சுன்னா ஸ்டேசன் பக்கம் சீனத் தவுக்கே மொதலாளி பட்டறைக்குத்தான் போவேன். தோட்டத்து லாரியும் அங்கதான் போகும், சொல்லிட்டேன்."

தெருவுக்கே கேட்கும்படிதான் சொன்னார்.

தோட்டத்து லாரியும் போய்விட்டால் பட்டறையில் மிஞ்சுவது துருப்பிடித்த சைக்கிள்கள்தான்.

"வாஷர் தகடு சரியில்லங்க, கிராணி ஐயா," என்று முனகிக்கொண்டே வீரமுத்து பலகையைப் போட்டு உட்கார்ந்தார்.

தகட்டைக் குறை சொல்லித் தப்பிக்கிறார் என்பது தெருவின் முடிவு. கை தளர்ந்துவிட்டது என்றார்கள் சிலர். கள்ளுக்கடைப் பக்கம் போகிறார் என்றாள் அங்கம்மா. பாவம், மனிதர் மோர் குடித்தாலே தும்முவார்.

மூடியைக் கழற்றினார். பல்சக்கரத்து நட்டு ஆடியது. அதன் அடியிலிருந்த வாஷரின் காது, ஓரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் அந்தச் சிறு நாக்கு, மறுபடியும் படுத்துக் கிடந்தது.

அந்தக் காதை எழுப்பி நட்டின் பக்கத்தில் ஒட்டிவிட்டால் நட்டு திரும்பாது. அதில் வீரமுத்துவுக்குத் தனிக் கைப்பக்குவம் உண்டு. மழுங்கின உளியால் மெல்லத் தட்டி எழுப்புவார். பிறகு குறடால் அமுக்குவார். நட்டின் முனை சிதையாமலிருக்கக் குறட்டு வாயில் துணி சுற்றிக்கொள்வார்.

இதையெல்லாம் வந்தவர்களுக்கு விளக்கிச் செய்து காட்டுவதில் அவருக்கு அலாதிப் பெருமை. கிராணியும் வாராவாரம் பெஞ்சில் உட்கார்ந்து, பின்கட்டிலிருந்து வீரமுத்துவின் தங்கை சந்திரமதி அனுப்பும் காப்பியைக் குடித்துக்கொண்டே தலையாட்டுவார்.

வீரமுத்து குனிந்து பார்த்தார்.

தானாகத் தளர்ந்த காது தேய்ந்திருக்கும். இது தேயவில்லை. நட்டின் முனையிலும் ஒரு கீறல் இல்லை.

யாரோ குறட்டில் துணி சுற்றி, அலுங்காமல் படுக்க வைத்திருக்கிறார்கள்.

காதின் ஓரத்தில் ஒரு நூல் சிக்கியிருந்தது. கிளிப்பச்சை.

அந்தப் பச்சையை அவருக்குத் தெரியும். ருக்னுதீன் ஜவுளிக் கடையில் யாரும் சீண்டாமல் கிடந்த கடைசித் துண்டு. மலிவென்று வாங்கி வந்து, தீபாவளிக்கு சந்திரமதியின் தலையில் கட்டினார். அவள் ரவிக்கை தைத்து ஒரே ஒரு நாள் போட்டாள். தெரு சிரிக்க அந்த ஒரு நாளே போதுமாயிருந்தது.

வீரமுத்துவின் முகம் சிவந்தது. சமையல்கட்டுப் பக்கம் திரும்பினார். வீட்டுக்குள்ளேயே இருந்துகொண்டு, கூடப்பிறந்தவளே தன் பிழைப்பில் கைவைப்பாளா?

கிராணி இன்னும் ஏசிக்கொண்டிருந்தார். ஏசி ஏசி வியர்த்துவிட்டது. சட்டைப்பையிலிருந்து கைக்குட்டையை உருவிக் கழுத்தைத் துடைத்தார்.

கிளிப்பச்சைக் கைக்குட்டை. ஓரமெல்லாம் பொடித் தையல். ஒரு மூலையில் மட்டும் தையல் பிரிந்து, அங்கே கிரீஸ் அப்பியிருந்தது.

வீரமுத்து குனிந்துகொண்டார். பழைய வாஷரை வீசிவிட்டு புதியதைப் போட்டார். நட்டை இறுக்கினார். காதை எழுப்பி, அவசரமில்லாமல் அமுக்கினார். கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

"இது இனிமே கழலாது. அடுத்த ஞாயிறு உங்க அம்மாவையும் கூட்டிக்கிட்டு ரயில்லயே வாங்க, தம்பி."

கிராணியின் கை கழுத்திலேயே நின்றது.

பின்கட்டில் ஒரு டம்ளர் விழுந்து உருண்டது. எதிரே அங்கம்மாவின் ஆப்பம் கருகியது.