பயிற்சிக் கட்டில்

"அம்மா, இந்தத் தாத்தா எப்ப எழும்புவார்?"

பயிற்சி அறைக் கட்டிலில் கிடந்த ரப்பர் பொம்மையைக் காட்டி, ரதிதேவியின் மகள் ராகவி நாலு வயதில் கேட்ட கேள்வி அது. "அவர் எழும்ப மாட்டார், செல்லம். அண்ணாமாரும் அக்காமாரும் வருத்தக்காரரைப் பாக்கப் பழகிறதுக்காகப் படுத்திருக்கிறார்" என்று ரதிதேவி சொல்லிச் சிரித்தாள்.

இன்று காலை அதே அறையை ரதிதேவி திறந்தாள். பின்னால் நின்றவர் அரசாங்க அதிகாரி தினேஸ்வரன். பாபடோயிட்டோ என்ற ஊரில் அவள் நடத்தும் முதியோர் பராமரிப்புப் பயிற்சிப் பள்ளிக்கு அங்கீகாரம் தொடருமா, நிற்குமா என்பது இனி அவர் கையில். சொன்ன நேரத்துக்கு முன்னதாகவே வந்து வாசலில் காத்திருந்தார்.

மலேசியத் தமிழர், கொஞ்சமாவது இரக்கம் இருக்கும் என்று பெயரைப் பார்த்து நினைத்திருந்தாள். மனிதர் ஆங்கிலம் தவிர ஒரு சொல் பேசவில்லை. சிரிக்கவும் இல்லை.

போன மாதம்தான் பக்கத்து ஊரான மனுகாவில் ஒரு பள்ளிக்கு அங்கீகாரம் போயிற்று. ஒரே நாளில் கதவைப் பூட்டினார்கள். விசா அந்தரத்தில் தொங்க, பிள்ளைகள் ரோட்டில் நின்றார்கள். அவர்களில் ஒருவன் வசீகரன். படிப்பின் நடுவில் வேறு எந்தப் பள்ளியும் அவனைச் சேர்க்கவில்லை. ரதிதேவிதான், "ஃபீஸைப் பிறகு பாப்பம், முதல்ல வந்து இருந்து படியும் தம்பி" என்று இடம் கொடுத்தாள்.

அந்த வசீகரனோடுதான் தனியே பேச வேண்டும் என்று அதிகாரி கேட்டிருந்தார். அதை நினைக்கத்தான் அவளுக்குப் பயமாக இருந்தது.

முந்தாநாள் அவன் தயங்கித் தயங்கி வந்து நின்றான். "மிஸ், ரூமை விட்டு எழுப்பிப் போட்டாங்கள். ரெண்டு இரவு இங்க படுக்கட்டே?"

"சட்டம் விடாது தம்பி. தெரிஞ்சா பள்ளிக்கூடத்தையே பூட்டிப் போடுவாங்கள்."

அவன் தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டான். அந்தக் கோபத்தில் இன்று என்ன சொல்வானோ. காலையிலிருந்து அவன் ஃபோன் வேறு அணைந்து கிடந்தது.

தினேஸ்வரன் சக்கர நாற்காலியை உருட்டிப் பார்த்தார். நோயாளியைத் தூக்கும் கருவியின் பட்டியை இழுத்துப் பார்த்தார். கட்டிலில் பொம்மை முகம் வரை மூடிக் கிடந்தது. தூசி படாமல் யாரோ போர்த்திவிட்டிருக்க வேண்டும்.

ரதிதேவி தேநீர் ஊற்றினாள். சீனி வேண்டாம் என்று கையைக் காட்டினார்.

"வசீகரன் எங்கே?"

"வந்திடுவார் சேர்."

சற்றுப் பொறுத்து, "வசீகரன் எங்கே?" என்று மறுபடியும் கேட்டார். பிறகு இன்னொரு முறை. குளிர்காலக் காலையில் அவர் நெற்றி வியர்த்திருந்தது. கோப்பை பிடித்த கை ஆடியது. எவ்வளவு ஆத்திரம் இந்த மனிதருக்கு என்று ரதிதேவி பயந்தாள். பயந்தவள் கண்ணுக்கு அதிகாரிதான் தெரிந்தார், ஆள் தெரியவில்லை.

"தீயணைப்புச் சான்றிதழ்?"

அது காரில் இருந்தது. படிகளில் இறங்கி ஓடினாள். பின் இருக்கையில் இல்லை, முன்னாலும் இல்லை. டிக்கியைக் கவிழ்த்துக் கொட்டித் தேடும்போது கண்ணீர் வந்துவிட்டது. "பிள்ளையாரே, எனக்கு என்ன வந்தாலும் வரட்டும். அந்தப் பிள்ளையளைத் திரும்பவும் ரோட்டில விட்டிடாத." ஒரு வழியாக மகளின் மழைக்கோட்டுக்குள் அகப்பட்டது.

மேலே வந்தவள் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

அதிகாரி தரையில், சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கழுத்துப்பட்டி தளர்த்தியிருந்தது. முதுகுக்குக் கட்டில் தலையணை. பக்கத்தில் காலியான ஜூஸ் பெட்டியும் பாதி பிஸ்கட்டும். முகத்தில் இரத்தம் திரும்பியிருந்தது.

"சேர், என்ன நடந்தது?"

"எனக்கு இனிப்புநீர். ஊசி போட்டுட்டு, ட்ராஃபிக்குக்குப் பயந்து சாப்பிடாம ஓடி வந்துட்டேன். சக்கரை சடார்னு இறங்கிடுச்சு." முதல் தடவையாகத் தமிழில் பேசினார். "இப்போ பரவாயில்லை. உட்காருங்க, நீங்கதான் இப்ப விழுந்துடுவீங்க போல இருக்கு."

ரதிதேவிக்கு வெட்கமாகப் போயிற்று. வியர்வை, நடுக்கம், கேட்டதையே திரும்பக் கேட்பது. எல்லாம் அவளே வகுப்பில் படிப்பிக்கிற அறிகுறிகள்.

"மன்னிக்க வேணும் சேர். நான் கவனிக்கேல்லை. வசீகரனும் இன்னும் வரேல்லை."

"அவர்கிட்ட பேசிட்டேன்."

ஃபோனில் எடுத்திருப்பார் என்று அவள் நினைத்தாள். "என்ன சொன்னார்?"

"உங்களைப் பத்தித்தான். சேர்த்துக்க ஆள் இல்லாதப்போ இடம் குடுத்தீங்களாம்." மெல்ல எழுந்து கோட்டை உதறிக்கொண்டார். "பாடம் நல்லா நடக்குது. அங்கீகாரம் தொடரலாம்னு எழுதப் போறேன். பார்த்ததை வச்சுத்தான் எழுதறேன், சலுகை ஒண்ணும் இல்லை."

ரதிதேவியின் கைகள் தாமாகவே குவிந்தன.

படியடி வரை கூட வந்தாள். முதல் படியில் கால் வைத்தவர் நின்று, அறைப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

"அலமாரிக்குள்ள இருக்கிற பொம்மையை எடுத்துக் கட்டில்ல போட்டுட்டு, கட்டில்ல இருக்கிறவரை இன்னைக்கே உங்க வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க, அக்கா."