காவிச் சாந்து

இந்தக் காலத்து ஆட்களுக்குத் தேய்க்கப் பொறுமை கிடையாது, பீய்ச்சியடித்தால் போதும் என்று பழனியாண்டி முனகினார். பங்களாச் சுவரின் பூஞ்சணம் மத்தியானத்துக்குள் போகாவிட்டால், தண்ணீர் பீய்ச்சும் மிஷினை இறக்கிவிடுவதாக மேனேஜர் ஜீவராஜ் சொல்லியிருந்தான். அது பட்டால் செங்கல் இடுக்கின் காவிச் சாந்து பெயர்ந்து கொட்டிவிடும்.

மெத்தென்ற பிரஷ்ஷால் கீழிருந்து மேலாகத் தேய்த்தார். பாதிச் சுவர் முடிந்ததும் ஏணியைத் தூக்கி வந்தார். மேல்பாதி ஏற்கெனவே சுத்தமாக, ஈரமாக இருந்தது. காவிக் கோடு ஒன்றுகூட உதிரவில்லை.

"ஜெயிச்சிட்டீங்க தாத்தா! மிஷின திருப்பி அனுப்பிட்டேன்" என்றபடி ஜீவராஜ் வந்தான்.

பழனியாண்டிக்கு நெஞ்சு நிமிர்ந்தது. "அது சரி, மேல யாரு தம்பி ஏறினது?"

"நீங்கதான்! மேலேருந்து எனக்குக் கைகூட ஆட்டினீங்களே."

"எனக்கே காது குத்தாத!" ஏணியைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். அவருடைய பிரஷ் கையிலிருந்த வாளிக்குள் கிடந்தது. பின்னால், பங்களா உச்சியில் புகைக்கூண்டை யாரோ தேய்க்கும் சத்தம் கேட்டது.